ஆல்வின் யார்க்: ஏர் பிடித்த கை, பதக்கம் வாங்கிய கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒரே காலையில் 132 ஜெர்மன் வீரர்களைச் சிறைபிடித்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவரின் கதையை யாராவது சொல்வார்கள். அவர்தான் சார்ஜெண்ட் ஆல்வின் யார்க். அந்தக் காலைப்பொழுது பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் முப்பது ஆண்டுகளும் அதற்குப் பின்னால் நாற்பத்தைந்து ஆண்டுகளும் அவர் மண்ணோடு வாழ்ந்தது அவ்வளவாகத் தெரியாது. என்னை அவரிடம் இழுத்தது அந்த வாழ்க்கைதான். அதனால் போர்க்களத்துக்குக் கொடுக்கும் இடத்தை அவருடைய பண்ணைக்கும் பள்ளிக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.

ஆல்வின் யார்க் யார்? எந்த ஊர்?

முழுப்பெயர் ஆல்வின் கலம் யார்க். 1887 டிசம்பர் 13 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஃபென்ட்ரஸ் கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) சேர்ந்த பால் மால் என்ற சிற்றூரில் பிறந்தார். கென்டக்கி மாநில எல்லையை ஒட்டிய மலைப்பகுதி அது. உல்ஃப் ஆற்றின் பள்ளத்தாக்கில் கொஞ்சம் நல்ல வயல், சுற்றிலும் காடு. அவருடைய முன்னோர்களில் ஒருவர்தான் அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் குடியேறினார். பெரிய சாலைகள் அங்கே வரவே இல்லை. வெளியுலகச் செய்தி தபால் நிலையம் வரைக்கும் வந்தால் உண்டு.

நிஜமாகவே விவசாயக் குடும்பம்தானா? கதைக்காகச் சேர்த்ததா?

நிஜம்தான். இரண்டே அறைகள் கொண்ட மரக்கட்டை வீடு. பதினொரு பிள்ளைகள், அதில் இவர் மூன்றாவது. அப்பா வில்லியம் யார்க் சொந்த நிலத்தில் பாடுபட்டதோடு கொல்லுப்பட்டறையும் வைத்திருந்தார். ஊரில் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் லாடம் அடிக்க அவரிடம்தான் வருவார்கள். சாப்பாட்டுக்கு மக்காச்சோளம் விளைவிப்பார்கள். கறிக்குக் காட்டில் வேட்டை. உடுத்தும் துணியில் பெரும்பகுதி அம்மா மேரி நெய்து தைத்தது.

1911-ல் அப்பா இறந்துபோனார். மூத்த இரண்டு அண்ணன்களும் கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டார்கள். தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பு ஆல்வின் தலையில் விழுந்தது. சொந்த நிலத்தில் வேலை, மீதி நாட்களில் கூலிக்குப் பிறர் நிலத்திலும் சாலைப் பணியிலும் வேலை. போருக்கு அழைப்பு வந்தபோது அவருக்கு 29 வயது. அப்போதும் அந்த வீட்டின் அடுப்பு எரிய இவர் உழைப்புதான் வேண்டியிருந்தது. அவர் போருக்குப் போகத் தயங்கியதைப் பற்றிப் பேசும்போது பலர் மதத்தை மட்டும் சொல்கிறார்கள். வீட்டு நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எவ்வளவு படித்திருந்தார்?

மொத்தமாகக் கூட்டினால் ஒன்பது மாதம் பள்ளிக்குப் போயிருப்பார். விதைப்பும் அறுவடையும் போக மிச்சமிருந்த வாரங்களில் மட்டும் பள்ளி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவ்வளவு துல்லியமாகச் சுட எங்கே கற்றுக்கொண்டார்?

ராணுவம் கற்றுக்கொடுத்தது இல்லை. அந்த மலையில் துப்பாக்கியும் ஒரு விவசாயக் கருவிதான், மண்வெட்டி மாதிரி. ஆண்களிடம் இருந்தது குழலின் வாய்ப்பக்கமாக வெடிமருந்து கெட்டிக்கும் நீளத் துப்பாக்கி. வெடிமருந்தை அளந்து கொட்டி, எண்ணெய்த் துணியில் ஈயக்குண்டைச் சுற்றி, கம்பியால் உள்ளே தள்ளிக் கெட்டித்த பிறகு ஒரே ஒரு முறை சுடலாம். குறி தவறினால் அடுத்த குண்டு தயாராவதற்குள் அணில் அடுத்த மலைக்குப் போயிருக்கும். மருந்தும் ஈயமும் காசு. அதனால் பையன்கள் முதலில் பழகுவதே பொறுமையைத்தான்.

அப்புறம் சனிக்கிழமைப் போட்டிகள். வான்கோழி ஒன்றை ஒரு மரக்கட்டைக்குப் பின்னால் கட்டிவிடுவார்கள். தலை மட்டும் வெளியே தெரியும், அதுவும் நிற்காமல் ஆடும். அந்தத் தலையில் சுட்டவருக்கு வான்கோழி. மாட்டுக்கான போட்டி இதைவிடப் பெரியது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு மாட்டை வாங்கி ஐந்து பங்காகப் பிரிப்பார்கள். முதல் இரண்டு பேருக்குப் பின்தொடைகள், அடுத்த இருவருக்கு முன்தொடைகள், ஐந்தாவதாக வந்தவருக்குத் தோலும் கொழுப்பும். ஐந்தையும் ஒரே ஆள் வென்றுவிட்டால் மாட்டை வெட்டாமல் உயிரோடு ஓட்டிக்கொண்டு போகலாம். யார்க் அப்படி ஓட்டிக்கொண்டு போகக்கூடிய ஆள் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும்.

இன்னொரு வேட்டை நுணுக்கமும் உண்டு. காட்டு வான்கோழிகள் வரிசையாக வரும்போது முன்னால் வருவதைச் சுடக்கூடாது. அது விழுந்ததைப் பார்த்தால் பின்னால் வருபவை சிதறிவிடும். கடைசியில் வருவதை முதலில் சுட வேண்டும், அடுத்து அதற்கு முன்னால் வருவதை. முன்னால் போகும் பறவைக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்னால் போர்க்களத்தில், பிரான்ஸின் ஆர்கான் காட்டில், இந்தப் பழக்கம்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது.

இளமையில் குடிகாரர், சண்டைக்காரர் என்கிறார்களே?

அவரே ஒப்புக்கொண்டது. அப்பா போன பிறகு சில ஆண்டுகள் குடி, சூதாட்டம், அடிதடி என்று திரிந்தார். எல்லைக்கோட்டிலேயே சாராயக்கடைகள் இருந்தன, ஒரு மாநிலத்தின் போலீஸ் வந்தால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளலாம். நெருங்கிய நண்பர் எவரெட் டெல்க் அப்படி ஒரு கடைச் சண்டையில் கொல்லப்பட்டார். அது இவரை உலுக்கியது. அம்மா இரவெல்லாம் தூங்காமல் அவருக்காகக் காத்திருந்து கண்ணீர்விட்டதும் உலுக்கியது.

1915 புத்தாண்டை ஒட்டி நடந்த ஓர் எழுப்புதல் கூட்டத்தில் மனந்திரும்பினார். ‘கிறிஸ்தவ ஐக்கியத்தில் கிறிஸ்துவின் சபை’ என்ற சிறிய சபையில் சேர்ந்தார். குடியை விட்டார், சீட்டை விட்டார், புகையிலையை விட்டார். நல்ல குரல் என்பதால் பாட்டு நடத்துவார். கொஞ்ச காலத்தில் சபையில் இரண்டாம் மூப்பராகவும் ஆனார். பக்கத்துப் பண்ணைப் பெண் கிரேசி வில்லியம்ஸை அவர் விரும்பியதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்பார்கள். நான் அதை நம்புகிறேன்.

போருக்குப் போக மாட்டேன் என்றவர் எப்படிச் சிப்பாய் ஆனார்?

1917 ஜூனில் கட்டாய ஆள்சேர்ப்புக்காகப் பெயர் பதிந்தார்கள். அந்த ஊரில் பதிவைக் கவனித்தவர் ரோசியர் பைல். அவர்தான் கடைக்காரர், அவர்தான் தபால் நிலைய அதிகாரி, அவர்தான் யார்க்கின் போதகரும்கூட. படிவத்தில், விலக்குக் கோருகிறீர்களா, எந்தக் காரணத்தால் என்று ஒரு வரி. அதற்கு நேராக யார்க்கின் பதில், சண்டை போட விருப்பமில்லை என்பதுதான். அவ்வளவே. அந்தப் படிவம் இன்றும் இருக்கிறது.

விலக்கு கிடைக்கவில்லை. அவருடைய சபைக்கு பைபிளைத் தவிர வேறு எழுதப்பட்ட கொள்கை கிடையாது, பைபிளை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்ளலாம் என்று ஆள்சேர்ப்பு வாரியம் தள்ளிவிட்டது. மேல்முறையீடும் தோற்றது. நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் கேம்ப் கார்டன் பயிற்சி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். 82-வது டிவிஷன், 328-வது காலாட்படை ரெஜிமெண்ட், ஜி கம்பெனி. அங்கேயும் அவர் மனம் ஆறவில்லை. சொன்ன வேலையெல்லாம் செய்தார், மனிதனைச் சுடுவதைப் பற்றி மட்டும் உள்ளே போராட்டம்.

இந்த இடத்தில் இரண்டு அதிகாரிகளைக் குறிப்பிடாமல் போக முடியாது. கேப்டன் எட்வர்ட் டான்ஃபோர்த்தும் பட்டாலியன் தளபதி மேஜர் ஜார்ஜ் எட்வர்ட் பக்ஸ்டனும் அவரைத் திட்டவில்லை, சிறைக்கு அனுப்பவில்லை. உட்காரவைத்து பைபிளைத் திறந்தார்கள். யார்க் ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்பார். பக்ஸ்டன், பட்டயம் (வாள்) இல்லாதவன் தன் வஸ்திரத்தை விற்று ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும் என்ற லூக்கா வசனத்தைக் காட்டுவார். எசேக்கியேல் 33-ஆம் அதிகாரம் யார்க்கை அதிகம் பாதித்தது. பட்டயம் வருவதைக் கண்டும் காவற்காரன் எக்காளம் ஊதாமல் இருந்தால், செத்தவர்களின் இரத்தப்பழி அவன் மேல் விழும் என்று சொல்லும் பகுதி அது.

யோசித்துவிட்டு வா என்று பத்து நாள் விடுப்புக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்தவர் மலைமேல் ஏறித் தனியாக உட்கார்ந்து ஜெபம் செய்தார். போகலாம், உயிரோடு திரும்புவாய் என்று பதில் கிடைத்ததாக உணர்ந்து இறங்கி வந்தார். முகாமுக்குத் திரும்பிய பிறகு அவரிடம் தயக்கம் இல்லை. ஒரு படைமுகாமில் மேலதிகாரி ஒருவர் சாதாரணச் சிப்பாயின் மனசாட்சிக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. யார்க் அதை மறக்கவில்லை. பிறகு பிறந்த ஒரு மகனுக்கு ஜார்ஜ் எட்வர்ட் பக்ஸ்டன் என்றே பெயர் வைத்தார்.

1918 அக்டோபர் 8 அன்று என்னதான் நடந்தது?

பிரான்ஸின் வடகிழக்கே ஆர்கான் காடு. ஷாட்டெல்-ஷெஹெரி என்ற கிராமத்தை அடுத்த மலைமேட்டிலிருந்து காலை ஆறு மணிவாக்கில் யார்க்கின் பட்டாலியன் முன்னேறியது. ஜெர்மானியர்களுக்குப் பொருள் கொண்டுவரும் சிறு ரயில்பாதையைப் பிடிப்பதுதான் இலக்கு. நடுவில் திறந்த பள்ளத்தாக்கு, மூன்று பக்கமும் மேடு, மேட்டிலெல்லாம் இயந்திரத் துப்பாக்கிகள். முதல் வரிசையில் போனவர்கள் புல்லைப்போல் சாய்ந்தார்கள். இப்படி எழுதியது அவர்தான், புல் அறுத்துப் பழகிய ஆள்.

சார்ஜெண்ட் பெர்னார்ட் ஏர்லி தலைமையில் 17 பேரை இடப்பக்கமாகச் சுற்றிப் பின்னால் போகச் சொன்னார்கள். அவர்களில் யார்க் ஒரு கார்ப்பரல். புதரும் மூட்டமும் மறைக்க, ஜெர்மன் வரிசைக்குப் பின்னாலேயே போய்விட்டார்கள். அங்கே ஒரு கூட்டம் ஜெர்மானியர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் காலை உணவோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்பாராமல் அமெரிக்கர்களைக் கண்டதும் கையைத் தூக்கினார்கள். அவர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோதே எதிர்மேட்டில் இருந்த இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டார்கள். சில நொடிகளில் ஆறு பேர் செத்தார்கள், மூன்று பேர் காயம். ஏர்லிக்குப் பல குண்டுகள். கார்ப்பரல் சாவேஜ் இறந்தார். அவர் யார்க்கின் நெருங்கிய நண்பர். கார்ப்பரல் கட்டிங்குக்கும் காயம். பொறுப்பு யார்க்கிடம் வந்தது. கூடவே ஏழு பேர்.

அந்த ஏழு பேரும் கைதிகளோடு சேர்ந்து தரையில் ஒட்டிக்கொண்டார்கள். யார்க் இருந்த இடத்திலிருந்து மேட்டில் இருந்தவர்களின் தலை தெரிந்தது. அவரைச் சுட வேண்டுமென்றால் அவர்கள் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சொந்தப் படையின் கைதிகள் பக்கத்திலேயே கிடந்தார்கள். தூக்கிய ஒவ்வொரு தலையையும் யார்க் சுட்டார். மரக்கட்டைக்குப் பின்னால் ஆடும் வான்கோழித் தலையைவிட இது பெரிய குறி. இடையிடையே, இறங்கி வந்து சரணடையுங்கள் என்று கத்திக்கொண்டும் இருந்தார். தேவைக்கு மேல் ஒருவரையும் கொல்ல விரும்பவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

அப்போது ஆறு ஜெர்மானியர்கள் துப்பாக்கிமுனைக் கத்தியோடு மேட்டிலிருந்து அவரை நோக்கி ஓடிவந்தார்கள். ரைஃபிளில் அத்தனை தோட்டா இல்லை. கைத்துப்பாக்கியை எடுத்தார். கடைசியில் ஓடிவந்தவரை முதலில் சுட்டார், பிறகு அவருக்கு முன்னால் வந்தவரை, அப்படியே முதல் ஆள் வரை. முன்னால் வந்தவர் விழுந்திருந்தால் மற்றவர்கள் சட்டென்று படுத்து அங்கிருந்தே சுட்டிருப்பார்கள். யோசித்துச் செய்ய அங்கே நேரம் கிடையாது. கை பழகியிருந்தது.

கைதிகளில் பால் ஃபோல்மர் என்ற அதிகாரி இருந்தார். ஜெர்மன் பட்டாலியன் ஒன்றின் தளபதி, ஆங்கிலம் தெரிந்தவர். தன் கைத்துப்பாக்கியில் இருந்த குண்டுகளையெல்லாம் யார்க் மேல் சுட்டுப் பார்த்து ஒன்றும் படாமல் போனவர். சுடுவதை நிறுத்தினால் என் ஆட்களைச் சரணடையச் சொல்கிறேன் என்றார். விசில் ஊதினார். மேட்டிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

அப்படியானால் 132 பேரையும் தனி ஆளாகவே பிடித்தாரா?

இல்லை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

முதலில் சரணடைந்த கூட்டத்தைப் பிடித்தது 17 பேரும் சேர்ந்துதான். மேட்டிலிருந்து இறங்கியவர்கள் யார்க்கின் சுடும் திறமையால் வந்தவர்கள். திரும்பி வரும் வழியிலும் ஜெர்மன் காவல்நிலைகள் இருந்தன. ஃபோல்மரை முன்னால் நிறுத்தி, அவரையே கட்டளையிட வைத்து, வழியில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு வந்தார். பட்டாலியனுக்கு வந்து எண்ணியபோது நான்கு அதிகாரிகள், 128 வீரர்கள். விருதுக் குறிப்பிலும் இதே கணக்குதான். ஜெர்மன் படை முழுவதையும் பிடித்துவிட்டாயாமே என்று பிரிகேடியர் ஜெனரல் லிண்ட்ஸே கேட்க, 132 பேர்தான் ஐயா என்று இவர் சொன்னாராம்.

கைதிகளைக் காவல்காத்துக் கொண்டுவந்த ஏழு பேருக்கும் பங்கு உண்டு. பின்னாளில் அவர்களில் சிலர், தங்கள் பெயர் மறைந்துபோனதே என்று வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஏர்லிக்கும் கட்டிங்குக்கும் விருது கிடைக்கவே 1920-களின் கடைசிப் பகுதி ஆயிற்று. ஆனால், யார்க்கின் கதையே கட்டுக்கதை என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. 1919-ன் தொடக்கத்தில் டிவிஷன் அதிகாரிகள் அவரை அதே இடத்துக்குக் கூட்டிப்போய் நடந்ததை அடி அடியாக விசாரித்தார்கள். உயிர்பிழைத்தவர்களிடம் உறுதிமொழி வாக்குமூலமும் வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய விருது வந்தது.

எந்த வகைத் துப்பாக்கி?

அவருடைய ரெஜிமெண்டுக்குக் கொடுத்தது 1917 மாடல் என்ஃபீல்ட். ஸ்ப்ரிங்ஃபீல்டாக மாற்றிக்கொண்டார் என்று மகன் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆயுத ஆர்வலர்கள் இதை வைத்து இன்னும் சண்டை போடுகிறார்கள். கைத்துப்பாக்கி .45 கோல்ட் என்பதில் தகராறு இல்லை.

அவ்வளவு பேரைக் கொன்றது அவரை உறுத்தவில்லையா?

மறுநாள் காலை அனுமதி வாங்கிக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போனார். யாராவது உயிரோடு கிடக்கிறார்களா என்று பார்க்க. அமெரிக்கர், ஜெர்மானியர் என்று பார்க்காமல் தேடினார். ஒருவரும் இல்லை. இறந்த இரண்டு தரப்புக்காகவும் அங்கேயே ஜெபம் செய்தார். அவருடைய நாட்குறிப்பிலும் பிந்தைய பேச்சிலும் பெருமையடித்த வரிகளைக் காண முடியாது. தான் பிழைத்தது கடவுளால் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். போர்க்கதை சொல்லச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

என்னென்ன பதக்கங்கள்?

முதலில் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ். விசாரணைக்குப் பிறகு 1919 ஏப்ரலில் அமெரிக்காவின் உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஆனர். பிரான்ஸ் போர்ச் சிலுவையும் லெஜியன் ஆஃப் ஆனரும் கொடுத்தது. இத்தாலியும் மாண்டினீக்ரோவும் கொடுத்தன. சார்ஜெண்ட் பதவி 1918 நவம்பரிலேயே வந்துவிட்டது.

ஊர் உலகத்துக்கு எப்படித் தெரிந்தது?

1919 ஏப்ரல் கடைசியில், சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் ஜார்ஜ் பட்டுல்லோ என்ற நிருபர் எழுதிய கட்டுரை வந்தது. லட்சக்கணக்கானோர் படித்த இதழ் அது. மே மாதம் யார்க் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது அவருக்கே தெரியாமல் அவர் நாடறிந்த மனிதராகியிருந்தார். தெருவெல்லாம் காகிதத்துண்டு மழை. பெரிய ஹோட்டலில் அறை கொடுத்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சுரங்க ரயிலில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.

ஜூன் 7 அன்று கிரேசியைத் திருமணம் செய்துகொண்டார். நடத்திவைத்தது டென்னசி கவர்னர் ஆல்பர்ட் ராபர்ட்ஸ்.

புகழை வைத்துப் பணக்காரர் ஆகியிருக்கலாமே?

ஆகியிருக்கலாம். மேடை, சினிமா, விளம்பரம் என்று பல்லாயிரம் டாலர் தருவதாக ஆட்கள் வந்தார்கள். சீருடையை விற்க முடியாது என்று திருப்பி அனுப்பினார். ஊருக்குப் போய் ஏர் பிடித்தார்.

பொதுமக்கள் பண்ணை பரிசளித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் அந்தப் பரிசு ஒரு சுமையாகவே முதலில் வந்தது. பணம் வேண்டாம் என்றவர் நிலத்தை மறுக்க மாட்டார் என்று நாஷ்வில் ரோட்டரி சங்கத்தார் சந்தா திரட்டினார்கள். உல்ஃப் ஆற்றங்கரையில் சுமார் 400 ஏக்கர் நல்ல பள்ளத்தாக்கு நிலத்தைப் பேசி முடித்தார்கள். சந்தா முழுதாக வரவில்லை. மிச்சத் தொகை தவணையாக நின்றது, அந்தத் தவணை யார்க் தலையில். நிலத்தில் கால்நடை கிடையாது, கருவி கிடையாது, வீடும் முடியவில்லை. எல்லாவற்றுக்கும் அவர் கடன் வாங்கினார். போருக்குப் பிறகு விளைபொருள் விலை சரிந்து அமெரிக்க விவசாயிகளே தத்தளித்த நேரம் அது. 1921-ல் தவணை கட்ட முடியாமல் நிலம் கைவிட்டுப் போகும் நிலை. கூச்சத்தோடு பத்திரிகைகளிடம் வாய்திறக்க வேண்டியதாயிற்று. செய்தி வந்ததும் நாடெங்கும் இருந்து பணம் வந்து கடன் அடைந்தது.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவர், வட்டிக் கணக்குக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார்.

பள்ளிக்கூடம் கட்டினாராமே?

ஒன்பது மாதப் படிப்பு என்றேனே, அது இங்கே வருகிறது. போருக்காகக் கடல் தாண்டிப் போனபோதுதான், உலகம் எவ்வளவு பெரியது, தனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று அவருக்கு உறைத்தது. ஊர் திரும்பியதும் மலைப் பிள்ளைகளுக்குச் சாலையும் பள்ளியும் வேண்டும் என்று கிளம்பினார். சொந்த லாபத்துக்கு மேடையேற மறுத்தவர், பள்ளிக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கூட்டம் போர்க்கதையை எதிர்பார்த்து வரும். அவர் மலைப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு நன்கொடை கேட்பார்.

கவுண்டித் தலைநகரான ஜேம்ஸ்டவுனில் 1926-ல் அடிக்கல் வைத்தார்கள். பெயர் யார்க் விவசாயக் கல்விக்கூடம். படிப்போடு உழவும் கைத்தொழிலும் கற்பிப்பது திட்டம். எங்கே கட்டுவது, யார் நிர்வகிப்பது என்று உள்ளூர் அரசியல்வாதிகளோடும் கல்வி வாரியத்தோடும் ஓயாத சண்டை. பேருந்துக்குப் பணம் இல்லாதபோது தன் பண்ணையையே அடமானம் வைத்தார். ஒருமுறை ஏறக்குறைய பறிபோன அதே பண்ணையை! பொருளாதார மந்தம் வந்து எல்லாம் சுருங்கியது. தலைவர் பொறுப்பிலிருந்தும் அவரை இறக்கிவிட்டார்கள். 1937-ல் மாநில அரசு பள்ளியை எடுத்துக்கொண்டது. அவர் விலகிப் போகவில்லை, முடிந்ததைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

தன்னை எதற்காக நினைக்க வேண்டும் என்று கேட்டால், பதக்கத்தைவிட இந்தப் பள்ளியையே அவர் சொல்வார்.

சினிமா வந்ததே, அதில் பணம் கிடைக்கவில்லையா?

1919-லிருந்தே தயாரிப்பாளர் ஜெஸ்ஸி லாஸ்கி பின்னால் அலைந்தார். 1940-ல்தான் யார்க் இணங்கினார், ஒரு பைபிள் பள்ளி கட்டப் பணம் வேண்டும் என்பதற்காக. 1941-ல் படம் வெளிவந்து பெரும் வெற்றி. யார்க்காக நடித்த கேரி கூப்பருக்கு ஆஸ்கர் கிடைத்தது. வந்த பணத்தில் பெரும்பகுதியை யார்க் பள்ளிக்கும் தர்மத்துக்கும் கொடுத்துவிட்டார்.

பத்து ஆண்டு கழித்து வருமான வரித்துறை கணக்குக் கேட்டது. கொடுத்த பணத்துக்கும் வரி உண்டு என்றது. வட்டியோடு சேர்ந்து தொகை 1961-ல் 1,72,000 டாலர் அளவுக்கு ஏறியிருந்தது. அப்போது அவர் படுத்த படுக்கை. கடைசியில் 25,000 டாலருக்கு ஒப்புக்கொண்டார்கள். பிரதிநிதிகள் சபைத் தலைவர் சாம் ரேபர்னும் டென்னசி உறுப்பினர் ஜோ எவின்ஸும் நிதி திரட்டி அடைத்தார்கள். கொடையாளர் ஒருவர் மாதம் 300 டாலர் வருமாறும் ஏற்பாடு செய்தார்.

இரண்டாம் உலகப் போரில் என்ன செய்தார்?

மீண்டும் படையில் சேர முயன்றார். வயதும் உடம்பும் இடம்கொடுக்கவில்லை. போர்ச் செலவுக்கான அரசுக் கடன் பத்திரங்களை விற்க ஊர் ஊராகச் சென்றார், முகாம்களில் சிப்பாய்களிடம் பேசினார். தன் கவுண்டியின் ஆள்சேர்ப்பு வாரியத்துக்கும் தலைமை வகித்தார். கால் நூற்றாண்டுக்கு முன் அதே கவுண்டியில், சண்டை போட விருப்பமில்லை என்று எழுதிக்கொடுத்தவர் அவர். 1930-களில்கூடப் போரை எதிர்த்துப் பேசியவர்தான். ஹிட்லரின் வளர்ச்சியைக் கண்டுதான் மனம் மாறினார். காவற்காரனின் எக்காளம் அவரை மறுபடியும் எழுப்பியிருக்க வேண்டும்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

1954-ல் பக்கவாதம் தாக்கியது, அதற்குப் பிறகு எழுந்து நடமாடவில்லை. கிரேசி பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். 1964 செப்டம்பர் 2 அன்று நாஷ்வில்லில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் காலமானார். வயது 76. ஜனாதிபதி ஜான்சனின் சார்பில் ஜெனரல் மேத்யூ ரிட்ஜ்வே இறுதிச் சடங்குக்கு வந்தார். உல்ஃப் ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தில், பிறந்த பள்ளத்தாக்கிலேயே அடக்கம் செய்தார்கள். கிரேசி 1984 வரை வாழ்ந்தார்.

பால் மாலுக்குப் போனால் இன்று என்ன பார்க்கலாம்?

அவர் வீடும் பண்ணையும் மாநில வரலாற்றுப் பூங்காவாக இருக்கின்றன. ஆற்றோரம் அவர் நடத்திய மாவரைக்கும் ஆலை நிற்கிறது. ஊராருடைய மக்காச்சோளத்தை அரைத்துக் கொடுத்த ஆலை அது. சாலைக்கு அந்தப்பக்கம் கல்லறைத் தோட்டம். ஜேம்ஸ்டவுனில் பள்ளி இப்போதும் மாநில அரசின் உயர்நிலைப் பள்ளியாக நடக்கிறது. அதன் வளாகத்தில் பண்ணை நிலமும் உண்டு, பிள்ளைகள் அங்கே விவசாயம் படிக்கிறார்கள்.